விலையும் பொறையும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்துப் பாவநிவாரணக் கொள்கை பற்றிய ஓர் ஆராய்ச்சி

சிலுவையில் இயேசு பட்ட மரணம் மனிதர் அனைவருடைய பாவத்துக்கும் நிவாரணம் ஆயிற்று என்பது கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நிலையான கொள்கை. ஒருவன் செய்த பாவம் மற்றொருவன் பட்ட துன்பத்தால் தீருமா என்னும் வினா இக்கொள்கையோடு உடன்பிறந்தது. குமரி மாவட்டத்து வைணவர்க்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கை அவதரித்த திருவண்பரிசாரமாகிய திருப்பதிசாரம் நாகர்கோவிலுக்கு அணித்தே உள்ளது. அங்குத் திருவாழ்மார்பனைச் சேவித்துத் திரும்புவோர் கோட்டாற்றுச் சவேரியார் பேராலயத்தையும் நாகர்கோவில் ஹோம் சர்ச்சையும் கடந்தே செல்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர். அண்டை வீட்டாரும் உடன் பயின்றோரும் உறவினருமாக உள்ளவர்கள் நம்பும் ஒன்றைப் பற்றிப் பேசுகையில் பொறுப்போடு பேசுதல் வேண்டும்.

நம்மவர் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் ஒரு தொடரில் விடை சொல்லி முடித்துவிடுவர். அவனவன் வினையை அவனவனே அனுபவித்துத் தீர்க்க வேண்டும். ஆகவே இக்கொள்கை பொருந்தாது என்பது அவ்விடை. இது சமணர்க்கும் மீமாம்சகர்க்கும் தகும், பிரபன்னர்க்குத் தகாது. அனுபவித்தாலன்றி வினை தீராது என்பது முடிந்த முடிபாயின், சரமசுலோகத்தில் எம்பெருமான் செய்த பிரதிக்ஞைக்குப் பொருளே இல்லை. பாவங்களினின்று விடுவிக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்ளும் ஒருவனைச் சரணமாகப் பற்றியவர்கள், விடுவிப்பு என்பதே கூடாது என்று பிறரை நோக்கி வாதிடுவது தம் காலுக்குக் கீழே தாமே குழி தோண்டுவதாகும். எனவே, வினை தீர்வது உண்டு என்பதில் இரு சமயத்தாரும் ஒருப்படுகின்றனர். அது எதனால் தீர்கிறது என்பதே ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு நம் பக்கத்திலேயே ஒரு நூல் உண்டு. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். கம்பனில் ஆழ்ந்த பயிற்சி பெற்றவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவரானார். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. கம்பனும் ஆழ்வார்களும் வளர்த்த செவியோடு பாவநிவாரணத்தைப் பாடிய பெருங்காப்பியம் அது ஒன்றே. அதனைப் பின்னர் நோக்குவோம். அதற்கு முன், கொள்கையை அதன் வலிய வடிவில் நிறுத்துவது பூர்வபட்சம் உரைப்பார் கடமை.

பூர்வபட்சம்

தமிழ்க் கிறிஸ்தவ வேதத்தில் இக்கொள்கையைக் குறிக்க வரும் சொற்களில் மூன்று கருதத்தக்கவை. மீட்கும்பொருள் என்பது ஒன்று. அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் விலை என்பது அதன் பொருள். கிருபாதாரபலி என்பது மற்றொன்று. அது வேள்வியின் சொல். ஒப்புரவாக்குதல் என்பது மூன்றாவது. பிணங்கிய இருவரைக் கூட்டுதல் என்பது அதன் கருத்து. சந்தையும் வேள்விச்சாலையும் இல்லமும் என மூவேறு இடங்களிலிருந்து வந்த இச்சொற்கள் மூவேறு நியாயங்களைத் தம்முள் கொண்டுள்ளன. இவற்றுள் எது முதன்மையானது என்பதைத் திருச்சபையின் பொதுச்சங்கங்கள் எவையும் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆகவே, பாவநிவாரணக் கொள்கை என்று ஒன்றைச் சொல்லி மறுப்பதற்கு முன், எதனை மறுக்கிறோம் என்று தெளிதல் வேண்டும்.

நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி, பாவத்தால் சாத்தானுக்கு அடிமைப்பட்ட மனிதரை மீட்க இயேசு விலையாகக் கொடுக்கப்பட்டார் என்றார். கன்ட்டர்பரிப் பேராயராயிருந்த அன்செல்ம் 1098-இல் முடித்த நூலில் இதனை விலக்கினார். சாத்தானுக்குக் கடவுள் கடன்பட்டவர் அல்லர். மனிதனே கடவுளுக்குக் கடன்பட்டவன். கடவுளுக்குரிய மதிப்பைக் கொடாதது பாவம். அக்குறையை நிரப்பாமல் வெறுமனே மன்னித்தால் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் ஒன்றாகிவிடும். நிரப்ப வேண்டியவன் மனிதன். நிரப்ப வல்லவர் கடவுள். ஆதலின் கடவுளே மனிதராதல் வேண்டும் என்பது அவர் வாதம். பதினாறாம் நூற்றாண்டில் கால்வின் முதலியோர் இதனை நீதிமன்றத்தின் மொழிக்கு மாற்றினர். மனிதர்க்குரிய தண்டனையை இயேசு ஏற்றார். அதனால் நீதியும் நிறைவேறியது, கருணையும் நிறைவேறியது என்றனர். 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தொபே முதலாக இலண்டன் மிஷன் வழியே நாஞ்சில் நாட்டில் பரவிய பிரசங்கத்தில் பெரும்பாலும் கேட்கப்பட்டது இந்த வடிவமே.

இதன் வலிமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. கடவுள் நீதிமானாயின் தீமையைக் கண்டும் காணாதவர்போல் இருத்தல் கூடுமா? கொடுமைக்கு ஆளானவன் ஒருவன் நிற்க, கொடுமை செய்தவனை நோக்கி, போனது போகட்டும் என்று சொல்லிவிடுவது கருணையா, அலட்சியமா? மன்னிப்பவர்க்கு மன்னிப்பு எளிதாயிருத்தல் கூடாது என்னும் அறவுணர்ச்சி இக்கொள்கையின் அடியில் உள்ளது. அவ்வுணர்ச்சி மெய்யானது.

மூன்று ஆசங்கைகள்

முதலாவது, குற்றம் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாறுமா என்பது. ஒருவன் பட்ட பணக்கடனை அவன் நண்பன் அடைக்கலாம். ஒருவன் செய்த கொலைக்காக நண்பனைத் தூக்கிலிடுவதை எந்த அரசும் நீதி என்னாது. இவ்வேறுபாட்டை 1793-இல் ஜெர்மானியத் தத்துவாசிரியர் காண்ட் தெளிவாக எடுத்துரைத்தார். கிறிஸ்தவர் இதற்குக் கூறும் விடை: இயேசு அயலார் அல்லர், அவர் தலை, விசுவாசிகள் உடல், உடலின் பழியைத் தலை ஏற்பதில் முரணில்லை.

இவ்விடையை நாம் பொருட்படுத்தியே ஆகவேண்டும். சரீர சரீரி பாவம் நம் தரிசனத்தின் பிரதான பிரதிதந்திரம் அன்றோ? சித்தும் அசித்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்று சொல்பவர் நாம். இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை. ஆயினும் இவ்வுறவை வைத்தே எம்பெருமானார் எதிரான முடிபைக் காட்டுகிறார். ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயம் முதற் பாதத்தில், இளமை முதுமை முதலியன சரீரத்துக்கே உரியனவாய் ஆன்மாவைத் தீண்டாததுபோல், சேதந அசேதநங்களின் தோஷம் சரீரியான பரமான்மாவைத் தீண்டாது என்று நிலைநாட்டப்படுகிறது. அயலாராயிருப்பதால் மட்டும் குற்றம் மாறாமலிருப்பதில்லை. ஒன்றாகக் கலந்திருக்கையிலும் அது மாறுவதில்லை. ஆகவே தலை உடல் என்னும் உவமை ஒற்றுமையை நிறுவுமேயன்றிக் குற்ற மாற்றத்தை நிறுவாது.

இரண்டாவது, கடன் அடைபட்டதாயின் மன்னிப்பு எங்கே என்பது. 1594-இல் வெளிவந்த நூலில் சோசினஸ் என்னும் இத்தாலியர் இதனைக் கிறிஸ்தவருக்குள்ளேயே நின்று எழுப்பினார். முழுத்தொகையையும் பெற்றுக்கொண்டவன் கடனை மன்னித்தேன் என்று சொல்ல இயலாது. மன்னித்தவன் தொகையைப் பெற இயலாது. இதற்கு விடையாக, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கடவுளே என்பர். அவ்வாறாயின், வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிய பொருளால் கடன் அடைந்தது என்று சொல்வது போலாகும். அங்கே உண்மையில் நிகழ்ந்தது கடனை விட்டுக்கொடுத்தலே, அடைத்தல் அன்று.

மூன்றாவது, இயேசுவின் உபதேசத்திலிருந்தே எழுவது. சொத்தை அழித்துத் திரும்பிவந்த மகனை எதிர்கொண்டோடித் தழுவிய தந்தையின் கதையை அவர் சொன்னார். அத்தந்தை எந்த ஈட்டையும் கேட்கவில்லை. மூத்த மகனைத் தண்டித்து இளையவனை ஏற்கவும் இல்லை. பிறர் தவற்றை மன்னிப்பதுபோல் தம் தவறு மன்னிக்கப்பட வேண்டுமென்று வேண்டும்படி சீடர்க்குக் கற்பித்தார். மனிதர் ஈடு கேளாமல் மன்னிக்க வேண்டும் என்று விதித்தவர், கடவுளுக்கு மட்டும் ஈடு இன்றியமையாதது என்று கருதினாரா?

ஆகவே, விலை என்னும் வடிவத்தில் இக்கொள்கை தருக்கத்தில் நிலைபெறவில்லை என்பதே நம் துணிபு. ஆனால் இம்மூன்று ஆசங்கைகளையும் நம்மிடத்தும் செலுத்திப் பார்க்காமல் இதனைச் சொல்லி முடிப்பது நடுவுநிலைமை ஆகாது.

நம் சம்பிரதாயத்தில் இவ்வாசங்கைகள்

கௌஷீதகி உபநிடதம், பிரம்மத்தை அறிந்தவன் உடலை விட்டுச் செல்லுங்கால் அவன் புண்ணியம் அவனுக்கு இனியவரையும் பாவம் இனியரல்லாதாரையும் அடைகின்றன என்று கூறுகிறது. பிரம்மசூத்திரம் மூன்றாம் அத்தியாயத்து ஹான்யதிகரணம் இதனை எடுத்துக்கொண்டு விசாரிக்கிறது. வினை மாறாது என்று கிறிஸ்தவரை நோக்கிச் சொன்ன நாம் இதற்கு என் சொல்வோம்?

காகாசுரன் வரலாறும் அத்தகையதே. பிராட்டி திறத்தில் அபராதம் செய்து மூவுலகும் ஓடித் திரிந்து, முடிவில் பெருமாள் திருவடியிலேயே விழுந்தான். கொலைக்கு உரியவனாயினும் கிருபையால் காக்கப்பட்டான். ஆனால் தொடுத்த அஸ்திரம் வீணாகலாகாது என்பதனால் ஒரு கண்ணை இழந்தான். நீதி தன் பங்கைக் கேட்டது என்பதற்கு இது சான்று ஆகாதா?

இனி, பிறர்பொருட்டுத் துன்புறுதல். ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீராமாயணத்தைச் சிறையிருந்தவளுடைய ஏற்றத்தைச் சொல்வதாகக் காட்டுகிறார். தேவமாதர் சிறையை விடுவிக்கத் தான் சிறையிருந்தாள் பிராட்டி என்று மணவாள மாமுனிகள் அதனை விவரிக்கிறார். திருக்கோட்டியூரில், தாம் ஒருவர் நரகம் புகுந்தாலும் பலர் உய்வராயின் அதுவே நன்று என்று எம்பெருமானார் துணிந்த வரலாறு நம் குருபரம்பரையின் பெருமிதம். எல்லா உயிர்களின் துன்பத்தையும் தானே ஏற்க விரும்பிய இரந்திதேவனை ஸ்ரீபாகவதம் போற்றுகிறது. பிறர்க்காகத் தன்னை இழத்தல் என்பது நமக்கு அந்நியமான கருத்து என்று யாரேனும் எழுதினால் அவர் நம் நூல்களைக் கற்றவர் அல்லர்.

சமாதானம்

இவற்றுக்கெல்லாம் விடை ஒரே இடத்தில் உள்ளது. பாவம் என்பது என்ன பொருள்? அது ஒரு சரக்கா, கடனா, கறையா? பிரம்மசூத்திரம் நான்காம் அத்தியாயத்துத் தததிகமாதிகரணத்தில் எம்பெருமானார் இதனைத் தெளிவிக்கிறார். செய்த செயல் அப்போதே மறைந்துபோக, அது பலன் தரும் ஆற்றல் என்று எஞ்சியிருப்பது பரமபுருஷனுடைய அப்ரீதியே, அதாவது அவனது உவப்பின்மையே. வினை என்பது ஆன்மாவின்மேல் ஒட்டிய துகள் அன்று. ஈசுவரனுடைய நிக்ரஹ சங்கல்பம். அவன் உவந்தால் அது இல்லையாகும்.

இதனை உறுதியாகப் பற்றினால் மேற்சொன்னவை யாவும் தெளிவாகும். உவப்பின்மை ஒருவரிடமிருந்து ஒருவர்க்குக் கைம்மாறும் பொருள் அன்று. ஆதலால் கௌஷீதகி வாக்கியத்துக்கு, ஞானியை நேசித்தவர் திறத்து எம்பெருமான் உவக்கிறான், வெறுத்தவர் திறத்து உவப்பின்மை கொள்கிறான். அவரவர் நேசமும் வெறுப்புமே அவரவர்க்குக் காரணம் என்று பொருள் கொண்டனர் பின்வந்த ஆசாரியர். ஒருவன் பாவம் பெயர்ந்து மற்றொருவன்மேல் ஏறுகிறது என்று கொள்ளவில்லை. காகாசுரன் கண் இழந்தது உயிருக்குக் கொடுத்த விலை அன்று. உயிர் முன்னரே அருளப்பட்டது. கண்ணை இழந்தவனும் அபராதியே. அவனுக்குப் பதிலாக வேறொருவன் கண் கொள்ளப்படவில்லை. அபராதம் செய்தவன் அருளப்பட்ட பின்னும் தன் செயலின் சுவடைத் தாங்குகிறான் என்பதே அங்குக் காணும் நீதி. கொடுமைக்கு ஆளானவனை மறக்கலாகாது என்னும் அறவுணர்ச்சிக்கு அது இடம் தருகிறது. அபராதத்துக்கு இலக்கான பிராட்டியின் சந்நிதியே அவன் உயிர் பிழைத்தமைக்குக் காரணம் என்று பிள்ளை லோகாசாரியர் காட்டுவதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இங்கே பொறுத்தவர் அயலார் அல்லர், நோவுபட்டவரே.

பிராட்டி இலங்கையில் சிறையிருந்ததும் இவ்வாறே. அவள் துன்பத்தை இராவணனுக்கு விலையாகக் கொடுத்துத் தேவமாதரை மீட்கவில்லை. பெருமாளுக்கு விலையாகக் கொடுத்து அவர் அருளை வாங்கவும் இல்லை. சிறைப்பட்டார் இருக்கும் இடத்துக்குத் தானும் சென்றாள். அவளைத் தேடி வந்தவனால் அனைவரும் விடுபட்டனர். திருக்கோட்டியூர் நம்பியும் எம்பெருமானாரின் துணிவைக் கேட்டு அவரைத் தழுவி எம்பெருமானார் என்று திருநாமம் சாத்தினாரேயன்றி, அவர் நரகம் புகுந்தால்தான் கேட்டவர் உய்வர் என்று கணக்கிடவில்லை. பிறர்க்காகத் துன்புறத் துணியும் நெஞ்சு நம் மரபில் கொண்டாடப்படுகிறது. அத்துன்பத்தின் அளவுக்கு அருள் அளந்து கொடுக்கப்படுவதாக நம் ஆசாரியர் எவரும் கூறவில்லை.

ஆயின் நீதி என்னாவது? காரணமின்றி ஒருவனை ஏற்று ஒருவனை விடுவது ஈசுவரனுக்கு வைஷம்யம் என்னும் குறையாகாதா? இவ்வினாவை நம்மவர் ஒதுக்கிவிடவில்லை. வேதாந்த தேசிகர் இக்குறை வாராதபடி சேதநனிடத்தில் ஒரு வியாஜம் வேண்டும் என்றார். பிள்ளை லோகாசாரியர் வழியில் வந்தோர் கிருபை நிர்ஹேதுகம் என்று நின்றனர். இவ்வேறுபாடு இன்றும் தீர்ந்ததன்று. நீதியும் கருணையும் கூடுமிடம் எவர்க்கும் எளிதன்று என்பதற்கு அதுவே சான்று. ஆனால் வியாஜம் வேண்டும் என்றவரும் அதனை வியாஜம் என்றே பெயரிட்டனர், விலை என்னவில்லை. எம்பெருமான் தர விரும்பியதைத் தருதற்குக் கொள்ளும் ஒரு சாக்கு அது. அன்செல்மின் கடவுள் நிரப்பப்படாத குறையோடு காத்திருக்கிறார். நம்மவர் கூறும் எம்பெருமான் அவாப்த சமஸ்த காமன். நிரப்பவேண்டிய குறை ஒன்றும் அவனிடத்தில் இல்லை. வேறுபாட்டின் வேர் இங்கே உள்ளது.

காப்பியம் காட்டுவது

இனிக் கிருஷ்ண பிள்ளையின் நூலுக்கு வருவோம். பனியனின் நூலில் யாத்திரிகன் முதுகில் ஒரு பாரம் இருக்கிறது. சிலுவையின் முன் வந்து நின்றதும் அது தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அதனை ஒருவரும் எடுத்துத் தம் தோளில் ஏற்றிக்கொள்வதாக அக்காட்சியில் இல்லை. எவரும் எண்ணி வாங்குவதும் இல்லை. பனியன் நம்பிய கோட்பாடு தண்டனையைப் பதிலாக ஏற்றல் என்பதாயினும், அவர் கற்பனை வரைந்த சித்திரம் விடுவிப்பின் சித்திரம்.

பனியன் நூலில் இயேசுவின் பாடுகள் தனிக்கதையாக விரிக்கப்படவில்லை. கிருஷ்ண பிள்ளையோ இரட்சணிய சரிதப் படலத்தில் அவற்றை விரித்துப் பாடினார். அங்கே இயேசு கட்டுண்டு நிற்கும் காட்சி காப்பியத்தின் சிறந்த இடங்களுள் ஒன்று. அவரைப் பிணித்தது பகைவர் இட்ட கயிறு என்று எண்ணவேண்டா, அப்பகைவர்மீது அவர் கொண்ட அன்பே அவரை அவிழ்க்கவொண்ணாதபடி கட்டியது என்னும் கருத்தை அங்குப் புலவர் அமைக்கிறார். ஏச்சுக்கும் அடிக்கும் மறுமொழியின்றி நிற்கும் பொறுமையையும் காட்டுகிறார்.

இதனைப் படிக்கும் வைணவர்க்கு உரலோடு கட்டுண்டிருந்த கண்ணன் நினைவுக்கு வாராதிருப்பானா? கட்டவொண்ணாதவன் ஆய்ச்சி கையில் கட்டுண்டான். கட்டியது கயிறு அன்று, அவள் திறத்து அவன் கொண்ட எளிமை. அதனைத் திருவாய்மொழியின் தொடக்கத்தில் நினைத்த நம்மாழ்வார் ஆறு திங்கள் மோகித்துக் கிடந்தார் என்பது நம் பெரியோர் வழங்கும் செய்தி. மதுரகவிகள் தம் பிரபந்தத்துக்கு அக்கயிற்றையே வாசலாக்கினார். வைணவக் குடியில் பிறந்த புலவர் இதனை அறியாதவர் அல்லர். அவர் இயேசுவைப் பாடியபோது அந்தச் சௌலப்பிய உணர்ச்சியே அவர் செய்யுளில் உயிராய் நின்றது என்று கொள்வது பொருந்தும். சமயம் மாறினார், செவியும் நெஞ்சும் கற்ற பாடம் மாறவில்லை.

நம் வாதத்துக்கு இவ்விடம் இன்றியமையாதது. கோட்பாட்டில் கிருஷ்ண பிள்ளை தம் சபையார் நம்பியதையே நம்பினார். அவர் நூலில் விலையின் மொழியும் பலியின் மொழியும் உண்டு. ஆயினும் படிப்பவரை உருக்குவது கணக்கு நேரான இடம் அன்று. கட்டுண்டு நிற்கும் அன்பு. கிறிஸ்தவத்துள் இக்கருத்துக்கு ஒரு கோட்பாட்டு வடிவமும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார்டு, சிலுவை கடவுளின் அன்பைக் காட்டி மனித நெஞ்சைத் திருப்புகிறது. மீட்பு என்பது அவ்வாறு நம்முள் எழும் அன்பே என்றார். மூன்று ஆசங்கைகளும் இவ்வடிவத்தைத் தீண்டா. இதில் குற்றம் மாறுவதில்லை, கடன் அடைபடுவதில்லை, தந்தையின் உவமையோடும் முரணில்லை. ஆகவே பாவநிவாரணம் தருக்கத்துக்குப் பொருந்துமா என்பதற்கு ஒரே விடை கூறலாகாது. விலையாகக் கொண்டால் பொருந்தாது; பொறையாகக் கொண்டால் பொருந்தும்.

ஆனால் பொருந்தும்போது அதற்கு ஓர் இழப்பும் உண்டு. விலை ஒருமுறை கொடுத்தால் போதும். அதனால் அந்த ஒரு மரணம் இன்றியமையாததாகிறது. அன்பைக் காட்டுதல் என்று கொண்டால், அது ஓரிடத்தில் ஒருகாலத்தில் மட்டுமே நிகழக்கூடியது என்பதற்கு நியாயம் இல்லை. சிந்திக்கும் கிறிஸ்தவர் பலர் அபெலார்டின் விளக்கத்தைப் போதாதென்று கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். துன்புற்றுக் காட்டாத அன்பை யார் நம்புவார் என்றும் அவர்கள் கேட்பர். இக்கேள்வி நியாயமானது. அதற்கு நாமும் விடை தருதல் வேண்டும்.

எம்பெருமானின் எளிமையும் ஆழ்வாரின் அச்சமும்

அவ்விடை இம்மாவட்டத்துத் திவ்வியதேசங்கள் இரண்டிலும் உள்ளது. திருவண்பரிசாரம் திருவாய்மொழியின் எட்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்தில் மங்களாசாசனம் பெற்றது. அத்திருவாய்மொழியின் உள்ளம் வியக்கத்தக்கது. எம்பெருமானின் சௌகுமார்யத்தையும், பகைமை மலிந்த இவ்வுலகில் அவன் தனியே வந்து நிற்பதையும் நினைந்து, அவனுக்கு என்ன நேருமோ, காப்பார் யார் என்று ஆழ்வார் பரிகிறார் என வியாக்கியாதாக்கள் காட்டுவர். சர்வரட்சகனுக்கு ஊறு நேருமென்று அஞ்சுதல் கலக்கம். ஆயினும் பிரேமம் முதிர்ந்தார்க்கு அது குணமே என்பது நம் முன்னோர் கொள்கை. கடவுள் இவ்வுலகில் துன்புறக்கூடும் என்ற எண்ணம் ஆழ்வார்க்கும் உண்டு. அவதாரத்தில் அவன் மனிதர்பொருட்டுப் பட்ட பாடுகளை ஏழாம் பத்திலும் அவர் நினைந்து ஈடுபடுகிறார். அப்பாடுகளால் தமக்கு இத்தனை பாவம் கழிந்தது என்று அவர் ஓரிடத்தும் எண்ணிப் பார்க்கவில்லை. அவனுக்காக அஞ்சினார், அவன் படாதிருந்திருக்கலாகாதா என்று நைந்தார்.

துன்புற்றுக் காட்டாத அன்பை யார் நம்புவார் என்பதற்கு இதுவே விடை. எம்பெருமான் தன்னை நம் கையில் ஒப்படைத்திருப்பது முன்னொரு காலத்தோடு முடிந்ததன்று. அர்ச்சாவதாரத்தில் நீராட்டினால் நீராடி, உணவிட்டால் உண்டு, கதவடைத்தால் உள்ளிருந்து, அடியார் வசமாகவே இருக்கிறான். அவனைப் பேணாதார் கையிலும் பொறுத்திருக்கிறான். திருவட்டாற்றைப் பாடும் பத்தாம் பத்து ஆறாம் திருவாய்மொழிக்கு, ஆழ்வார்க்கு அருள் தருவதற்கு எம்பெருமான் முற்பட்டு, அவர் இசைவை எதிர்பார்த்து அவர் சொல்வழி நிற்கிறான் என்று பொருள் உரைப்பர். கொடுக்க முற்பட்டுக் காத்து நிற்பவனிடம் விலை பேசுவது அவனை அறியாமையாகும்.

எனவே, இம்மாவட்டத்து வைணவர் தம் கிறிஸ்தவ நண்பரோடு இப்பொருள் பற்றி உரையாட நேர்ந்தால், வினை தீராது என்ற வாதத்தை எடுக்கலாகாது. அது நம் வாதம் அன்று. கடவுள் நமக்காகப் பாடுபடுவாரா என்று நகைப்பதும் கூடாது. நம் ஆழ்வார் அதனை நினைந்து நைந்தவர். கேட்கத்தக்க வினா ஒன்றே. மனம் திரும்பிய மகனைத் தழுவ அந்தத் தந்தைக்கு எந்த விலை தேவைப்பட்டது? இவ்வினாவைப் பணிவோடு கேட்கலாம். நண்பரும் நம்மை நோக்கி, விலையின்றி அருள்பவன் ஒருவன் இருக்க நீர் ஏன் பரிகாரத்துக்கென்று பொருள் எண்ணிக்கொண்டு திரிகிறீர் என்று திருப்பிக் கேட்கக்கூடும். நம் கோயில் வாசல்களிலும் சோதிடர் இல்லங்களிலும் இந்நாளில் பரிகாரப் பட்டியல்கள் பெருகியிருப்பதை நோக்கினால், அவ்வினாவுக்கு நாம் சொல்லவேண்டிய விடை சொல்லளவில் நில்லாது நம் ஒழுக்கத்தில் இருத்தல் வேண்டும். எம்பெருமான் அருளுக்கு விலை இல்லை என்று பிறர் கொள்கையை ஆராய்ந்து முடிவு கூறியவர்கள், அம்முடிவின்படி தாமும் நடக்கக் கடமைப்பட்டவர்கள்.